9 கவுன்சில், ஒரே வீட்டுத் திட்டம்

ஒரு ஊர்ல வீடு, பக்கத்து ஊர்ல வேலை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்தில் பலருடைய வாழ்க்கை இப்படித்தான். ஆனால் எங்கே எத்தனை வீடு கட்டலாம் என்பதை அந்தந்த ஊர் கவுன்சில்தான் முடிவு செய்யும். அதனால் மான்செஸ்டர், சால்ஃபோர்டு, போல்டன் என 10 கவுன்சில்கள் கூட்டாகத் திட்டம் போட இறங்கின.

இதுல என்ன லாபம்னு கேட்கிறீங்களா? நகர மையத்தில் பழைய தொழிற்சாலை நிலம் நிறைய இருக்கு. அங்கே கூடுதலாகக் கட்டினால், மற்ற ஊர்களைச் சுற்றியுள்ள பசுமை வளையத்தில் கை வைப்பது குறையும். குறையுமே தவிர, நிற்காது. அந்த எதிர்ப்பில்தான் 2020 டிசம்பரில் ஸ்டாக்போர்ட் விலகியது. மற்ற 9 கவுன்சில்களும் தொடர்ந்து வேலை செய்து, 2024 மார்ச்சில் திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டு வந்தன. இலக்கு: 2039-க்குள் சுமார் 1.75 லட்சம் வீடுகள்.

அப்போ ஸ்டாக்போர்ட் தப்பிச்சிடுச்சா? இல்லை. வீட்டுத் தேவை அப்படியேதான் இருக்கு. அதுக்குத் தனியா ஒரு திட்டம் போட்டே ஆகணும். அங்குள்ள விதிப்படி, கவுன்சிலின் திட்டம் பழசாகிப்போனால், அது அனுமதி மறுத்தாலும் பில்டர் அப்பீலில் ஜெயிக்க வாய்ப்பு அதிகம்.

சிவில் படிக்கிறவங்க இதைக் கவனிங்க. திட்டம் போடாமல் விட்டால் நிலம் காலியாகவே இருந்துவிடாது. எங்கே கட்டுவது என்பதை பில்டர் முடிவு செய்வார்.