அம்மா தனியாகப் பறக்கிறார்! நடுவழியில் விமானம் மாறுவது எப்படி?

விழுப்புரத்தில் ரயில் மாறத் தெரியும். திருச்சியில் பஸ் மாறத் தெரியும். ஆனால், துபாயில் விமானம் மாறுவது எப்படி?

இன்று தமிழ்நாட்டில் பல வீடுகளில் இந்தக் கேள்வி எழுகிறது. மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அவளுக்கு இது எட்டாவது மாதம். பிரசவத்துக்குத் தாய் பக்கத்தில் இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை. தாய் தனியாகத்தான் போக வேண்டும்.

அந்தத் தாய் அதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. இங்கிலீஷும் பேச வராது. சென்னையில் ஏறி, துபாயில் இறங்கி, அங்கே வேறு விமானத்தில் ஏறி, நியூயார்க் போய்ச் சேர வேண்டும்.

முடியுமா?

முடியும். ஆண்டுதோறும் எத்தனையோ தாய்மார்கள் இப்படிப் போய் வருகிறார்கள். அதற்கு வேண்டியது முன்னேற்பாடு. வீட்டை விட்டுப் புறப்படும்முன் பாதிக் கவலையைத் தீர்த்துவிடலாம்.

ஒரே டிக்கெட்!

முதல் வேலை, டிக்கெட்டைச் சரியாக வாங்குவது. சென்னையிலிருந்து நியூயார்க் வரை ஒரே டிக்கெட்டாக வாங்க வேண்டும். சில ரூபாய் மிச்சம் பிடிக்க, துபாய் வரை ஒன்று, அங்கிருந்து மற்றொன்று என்று இரண்டாக வாங்கக் கூடாது.

காரணம் என்ன? ஒரே டிக்கெட் என்றால், சென்னையில் போடும் பெட்டி நேராக நியூயார்க்கில் வந்து சேரும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது விமானம் போய்விட்டாலும், அடுத்த விமானத்தில் இடம் கொடுக்க வேண்டியது கம்பெனியின் பொறுப்பு. இரண்டு தனி டிக்கெட் என்றால் அந்தப் பொறுப்பு இல்லை. தவறவிட்டால் புது டிக்கெட்டுக்குப் பணம் கட்ட நேரிடும்.

நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். முதல் தடவை போகிறவர்களுக்கு மூன்று மணி நேரமாவது இருப்பது நல்லது. விமானம் மாறுவதற்கே விசா கேட்கும் நாடுகளும் உண்டு. எந்த ஊர் வழியாகப் போனாலும், பணம் கட்டும்முன் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கேதான் தமிழர்களுக்குச் சிக்கல் வருகிறது. நாம் தகப்பனார் அல்லது கணவர் பெயரின் முதல் எழுத்தை மட்டும் போட்டுக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் அந்தப் பெயர் முழுவதும் இருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, அப்படியே எழுத்துக்கு எழுத்து டிக்கெட்டிலும் இருக்க வேண்டும்.

தேதியில் ஒரு பொறி

டிக்கெட்டில் 15-ந் தேதி இரவு 12.30 மணி என்று இருக்கிறது. விமான நிலையத்துக்கு எப்போது போக வேண்டும்?

15-ந் தேதி இரவு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு! 14-ந் தேதி இரவு சாப்பிட்டுவிட்டுப் புறப்பட வேண்டும். நள்ளிரவு 12 மணி அடித்ததும் தேதி மாறிவிடுகிறது. 15-ந் தேதி இரவு போய் நின்றால், விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

டிக்கெட்டில் உள்ள நேரம் அந்தந்த ஊர் நேரம். துபாய் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால் இருக்கிறது. சென்னையில் காலை 9.30-க்குப் புறப்படும் விமானம், நாலேகால் மணி நேரம் பறந்து, துபாய் நேரப்படி பகல் 12.15-க்கு இறங்கும். அப்போது நம் கைக்கடிகாரத்தில் மணி 1.45.

அங்கே அடுத்த விமானம் பிற்பகல் 3 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். கடிகாரத்தை மாற்றாத தாய், அதில் மணி 3 ஆனதும், “ஐயோ! விமானம் போய்விட்டதே!” என்று பதறுவார். உண்மையில் அப்போது அங்கே மணி 1.30-தான்.

திரும்பி வரும்போது இதைவிட ஆபத்து. நியூயார்க் நேரம் காட்டும் கடிகாரம், துபாயில் 8 அல்லது 9 மணி நேரம் பின்தங்கியிருக்கும். நிறைய நேரம் இருக்கிறதென்று உட்கார்ந்துவிட்டால், விமானம் பறந்துவிடும்! எனவே இறங்கியவுடன், சுவரில் உள்ள கடிகாரத்தைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

பெட்டியில் என்ன வைக்கக் கூடாது?

மகளுக்குக் கொண்டு போகத் தாய்க்கு ஆசை இருக்கும். ஆனால், கவனம் தேவை.

முதலாவது, கசகசா. நம் வீட்டில் குருமாவுக்கு அரைக்கும் சாதாரணப் பொருள் அது. ஆனால், துபாய் இருக்கும் அமீரக நாட்டில் அதற்குத் தடை உண்டு. சிங்கப்பூரிலும் தடை. கசகசா, அபின் எடுக்கும் செடியின் விதை என்பதே காரணம். “சமையலுக்குத்தானே!” என்று சொன்னால் அங்கே எடுபடாது. ஒரு பொட்டலம் கூட வேண்டாம்.

இரண்டாவது, பச்சைக் கறிவேப்பிலை. இதை அமெரிக்காவுக்குள் விடுவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் நோயைப் பரப்பும் பூச்சி, கறிவேப்பிலையிலும் வாழும். பழங்கள், விதைகள், இறைச்சி ஆகியவற்றுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. தின்பண்டம் எது இருந்தாலும், அதிகாரி கேட்கும்போது மறைக்காமல் சொல்ல வேண்டும். சொன்னால், ஆகாததை எடுத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். மறைத்தால் அபராதம்!

மூன்றாவது, கொப்பரைத் தேங்காய். அதில் எண்ணெய் அதிகம். சூட்டில் தீப்பிடிக்கலாம் என்பதால் விமானத்தில் ஏற்ற மறுக்கிறார்கள்.

ஊறுகாய், நெய், எண்ணெய், மிளகாய்ப் பொடி ஆகியவை கைப்பையில் வேண்டாம். கசியாமல் கட்டிப் பெரிய பெட்டியில் வைக்க வேண்டும். கைப்பையில் எந்தத் திரவமும் 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டியில் இருக்கக் கூடாது என்பது பெரும்பாலான நாடுகளின் விதி. 2006-ம் ஆண்டு ஆகஸ்டில், திரவ வெடிமருந்தைக் கொண்டு விமானங்களைத் தகர்க்கப் போட்ட சதி லண்டனில் பிடிபட்டது. அதன் பிறகு வந்த விதி இது.

செல்போனுக்கு மின்சாரம் ஏற்றும் பவர் பேங்க் இதற்கு நேர்மாறு. அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் வைத்தால் பெட்டியைப் பிரிக்கச் சொல்வார்கள்.

மாத்திரைகளும் கைப்பையில்தான். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து நிற்கக் கூடாது. டாக்டர் சீட்டும் உடன் இருக்கட்டும். சில வலி மாத்திரைகளுக்கும் இருமல் மருந்துகளுக்கும் அமீரகத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. டாக்டரிடம் முன்னமே காட்டிக் கேட்பது நல்லது.

வாசலோடு சரி

சென்னை விமான நிலைய வாசலில் காவலர் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பார்ப்பார். வழியனுப்ப வந்தவர்கள் அங்கேயே நின்றுவிட வேண்டும். அதற்குப் பிறகு தாய் தனிதான். கண் கலங்கும். ஆனால், உள்ளே வேலை நான்குதான்.

ஒன்று: கம்பெனி கவுண்டரில் பெட்டியைப் போட வேண்டும். அங்கே இரண்டு விமானங்களுக்கும் சேர்த்து இரண்டு போர்டிங் பாஸ் கேட்டு வாங்க வேண்டும். பெட்டியில் ஒட்டும் சீட்டில் நியூயார்க் என்று போட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும். அதன் துண்டுச் சீட்டை பாஸ்போர்ட்டோடு பத்திரமாக வைக்க வேண்டும். பெட்டி வராவிட்டால், அந்தச் சிறு சீட்டுதான் சாட்சி.

இரண்டு: குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்து முத்திரை குத்துவார்.

மூன்று: பாதுகாப்புச் சோதனை.

நான்கு: போர்டிங் பாஸில் உள்ள எண் கொண்ட கேட்டுக்குப் போய் உட்கார வேண்டும்.

சர்வதேச விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்துவிட வேண்டும் என்று சொல்வது இந்த நான்கு வேலைக்காகத்தான்.

அதிக தூரம் நடக்க முடியாதவர்கள், டிக்கெட் வாங்கும்போதே சக்கர நாற்காலி வேண்டுமென்று பதிவு செய்யலாம். சென்னை, துபாய், நியூயார்க் மூன்று இடங்களிலும் ஆள் வந்து அழைத்துப் போவார்.

துபாயில் இறங்கியதும்

துபாய் விமான நிலையம் 1960-ல் திறக்கப்பட்டது. 2024-ம் ஆண்டில் மட்டும் 9 கோடிக்கு மேற்பட்ட பயணிகள் அதைப் பயன்படுத்தினார்கள். ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குப் போக உள்ளேயே ரயில் ஓடுகிறது என்றால் அதன் பரப்பைப் பார்த்துக்கொள்ளலாம்!

விமானத்திலிருந்து இறங்கியதும் இரண்டு வழி தெரியும். ஒன்று, ஊருக்குள் போகிறவர்களுக்கு. மற்றொன்று, விமானம் மாறுகிறவர்களுக்கு. முன்னால் போகிறவர் பின்னாலேயே போய்விடக் கூடாது. அவர் துபாயிலேயே வேலை செய்கிறவராக இருக்கலாம்! ‘கனெக்‌ஷன்ஸ்’ என்ற பலகையைப் பார்த்தே போக வேண்டும். பெட்டியைத் தேடி அலைய வேண்டாம். அது தானாக வரும். குடியேற்ற அதிகாரியைப் பார்க்கவும் வேண்டாம். மறுபடி ஒரு பாதுகாப்புச் சோதனை மட்டும் உண்டு.

பிறகு பெரிய திரையில் விமான எண்ணைப் பார்க்க வேண்டும். ஊர்ப் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. ஒரே நாளில் நியூயார்க்குக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விமானங்கள் இருக்கலாம். எண்தான் முக்கியம். போர்டிங் பாஸில் உள்ள கேட் எண் கடைசி நேரத்தில் மாறுவதும் உண்டு. திரையில் இருப்பதே சரி.

மிகவும் முக்கியமான ஒன்று. நம் ரயில் நிலையத்தில் போல, ஒவ்வொரு விமானத்துக்கும் அங்கே ஒலிபெருக்கியில் கூப்பிட மாட்டார்கள். ‘கூப்பிடுவார்கள்’ என்று காத்திருந்து விமானத்தை விட்டவர்கள் உண்டு. முதலில் கேட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். காபி குடிப்பதும் கடை பார்ப்பதும் அதற்குப் பிறகு.

ஒரு அட்டை போதும்!

இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு மகளே துணை செய்யலாம். தபால் கார்டு அளவில் ஓர் அட்டை போதும். அதில் இரண்டு விமானங்களின் எண், புறப்படும் நேரம், மகளின் விலாசம், டெலிபோன் எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். கீழே இங்கிலீஷில் ஒரு வரி: “நான் தனியாகப் போகிறேன். இந்த விமானத்துக்கு வழி காட்டுங்கள்.” பக்கத்தில் அதையே தமிழிலும் எழுதிவிட வேண்டும்.

வழி தெரியாவிட்டால், சீருடை போட்டவரிடம் அட்டையையும் போர்டிங் பாஸையும் காட்டினால் போதும். பாஸ்போர்ட்டை மட்டும் முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்கக் கூடாது. வேறு யாராவது, “இந்தப் பையைக் கொஞ்சம் எடுத்து வாருங்கள், அம்மா” என்று கெஞ்சினாலும் வாங்கக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்?

நியூயார்க்கில் மூன்று கேள்வி

துபாயிலிருந்து நியூயார்க் சுமார் 14 மணி நேரம். அவ்வளவு நேரமும் உட்கார்ந்தே இருந்தால் கால் வீங்கும். ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. அடிக்கடி தண்ணீர் குடித்து, இடையிடையே எழுந்து நடக்க வேண்டும். காது அடைத்தால் மிட்டாயைச் சப்பினால் சரியாகும்.

இறங்கியதும் அமெரிக்க அதிகாரி பொதுவாக மூன்று கேள்வி கேட்பார். எதற்கு வந்தீர்கள்? எங்கே தங்குவீர்கள்? எத்தனை நாள்? “மகளைப் பார்க்க வந்தேன். அவள் வீட்டில் தங்குவேன். மூன்று மாதம்.” உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். புரியாவிட்டால் தலையாட்டக் கூடாது. ‘தமிழ்’ என்று சொன்னால், மொழிபெயர்க்க ஆள் தேடுவார்கள்.

அங்கிருந்து அமெரிக்காவுக்குள் மூன்றாவது விமானம் ஏறுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. முதலில் இறங்கும் அமெரிக்க ஊரில், பொதுவாகப் பெட்டியைத் தாங்களே எடுத்து, சோதனை முடித்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும்.

பெட்டி வராவிட்டால், அழுது பயனில்லை. விமான நிலையத்தை விட்டு வெளியேறும்முன் கம்பெனி கவுண்டரில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். பெரும்பாலும் சில நாளில் பெட்டியை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள்.

ஒரு நாள் ஒத்திகை

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, வீட்டிலேயே ஒத்திகை பார்க்கலாம். மகள் டெலிபோனில் கேட்கட்டும்: “அம்மா, துபாயில் இறங்கிட்டே. முதல்லே என்ன செய்வே?” தாய் பதில் சொல்லட்டும். “கடிகாரத்தை மாத்துவேன். பலகை பார்த்துப் போவேன். திரையிலே நம்பர் பார்ப்பேன். கேட்டுக்குப் போய் உட்காருவேன்.”

கடிகாரம், பலகை, திரை, கேட். இந்த நான்கும் மனப்பாடம் ஆகிவிட்டால், எந்த நாட்டில் எந்த விமானமும் மாறலாம். பிறக்கப் போகும் பேரக் குழந்தையைக் கையில் வாங்கப் பாட்டி சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுவார்!