அரை அங்குலம் தள்ளினால் ஆபத்து! குட்டி பந்தய விமானத்தில் இறக்கையை எங்கே வைப்பது?

கையில் தூக்கிச் செல்லக்கூடிய குட்டி விமானம். எடை இரண்டரை கிலோதான். வேகமோ மணிக்கு 300 கிலோ மீட்டர்! இந்த விமானத்தில் ஆள் கிடையாது. தரையில் நிற்பவர் ரேடியோ கருவி மூலம் அதை ஓட்டுகிறார்.

அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் இந்த விமானங்களுக்கு பந்தயம் நடக்கிறது. "பொம்மைதானே" என்று நினைக்க வேண்டாம். இறக்கையை வைக்கும் இடத்தில் கோட்டை விட்டால், மாதக்கணக்கில் பாடுபட்டு செய்த விமானம் கண் இமைக்கும் நேரத்தில் தூள் தூளாகி விடும்.

3 கம்பங்கள்

சர்வதேச போட்டியில் மைதானத்தில் 3 கம்பங்கள் முக்கோணமாக நடப்பட்டு இருக்கும். போக 180 மீட்டர், வர 180 மீட்டர், குறுக்கே 40 மீட்டர். ஆக ஒரு சுற்று 400 மீட்டர். மொத்தம் 10 சுற்றுகள். கெட்டிக்காரர்கள் இந்த 4 கிலோ மீட்டரை சுமார் ஒரு நிமிடத்தில் முடித்து விடுகிறார்கள்!

எல்லாமே இடதுபக்க திருப்பம்தான். கம்பத்துக்கு உள்பக்கமாக திரும்பினால் தண்டனை உண்டு. எப்போது திருப்ப வேண்டும் என்று சொல்ல, ஓட்டுபவரின் அருகில் ஒரு துணையாள் நிற்பார். களத்தில் நிற்பவர்கள் தலையில் ஹெல்மெட் அணிகிறார்கள். 300 கிலோ மீட்டர் வேகத்தில் வருவது தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவை இல்லை.

60 கிலோ பாரம்

திருப்பத்தில்தான் இறக்கைக்கு சோதனை. பஸ் வளைவில் வேகமாக திரும்பும்போது, நின்றுகொண்டு வருபவர்கள் ஒரு பக்கமாக தள்ளப்படுகிறார்கள் அல்லவா? அதே கதைதான்.

300 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் விமானம், 30 மீட்டர் ஆரத்தில் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். அப்போது இறக்கை தாங்க வேண்டிய பாரம் விமானத்தின் எடையைப் போல 23 மடங்கு! இரண்டரை கிலோ விமானம், ஏறத்தாழ 60 கிலோவாகி விடுகிறது. ஒரு ஆள் இறக்கை மேல் ஏறி நிற்பதற்குச் சமம். இதை ஒரு பந்தயத்தில் பலமுறை தாங்க வேண்டும்.

மேலா, நடுவிலா, கீழா?

இறக்கையை உடலின் மேலே வைக்கலாம். நடுவில் வைக்கலாம். அடியிலும் வைக்கலாம். மூன்றுக்கும் குணம் வேறு.

மேலே வைத்தால் விமானம் சாதுவாக இருக்கும். ஒரு பக்கம் சாய்ந்து சறுக்கினால், உடலைச் சுற்றி வரும் காற்றே தாழ்ந்த இறக்கையை தூக்கி விடும். புதிதாக கற்றுக்கொள்பவர்களுக்கு மேல் இறக்கை விமானம் கொடுப்பது இதனால்தான்.

அடியில் வைத்தால் இது தலைகீழ். எனவே இறக்கை நுனிகளை சற்று மேல்நோக்கி தூக்கி அமைக்கிறார்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. இறக்கையின் மேல்பக்கமும் உடலும் சேரும் மூலையில் காற்று சுழித்துக்கொண்டு வேகத்தை இழுக்கும். அந்த மூலையை பட்டி போட்டு வளைவாக பூசினால்தான் சரிப்படும்.

நடு இறக்கையில் இந்த தொல்லை குறைவு. என்ஜின் இழுக்கும் கோடு, இறக்கை, வால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் வரும். காற்றைக் கிழித்துக்கொண்டு போக நடு இறக்கையே மேல். ஆனால் அதற்கு உடலின் இரு பக்கமும் துளை போட வேண்டும். அந்த இடத்தில்தான் ரேடியோ சாமான்களும் இருக்கும். இடமும் போச்சு, உறுதியும் குறைந்து போச்சு!

அசலும் நகலும்

ஆள் ஏறி ஓட்டும் குட்டி பந்தய விமானங்களுக்கான குட்இயர் போட்டி, 1947-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் தொடங்கியது. அந்த காலத்து விமானங்களில் "மின்னோ" கீழ் இறக்கை கொண்டது. 1949-ல் வந்த "ஷூஸ்டிரிங்" நடு இறக்கை.

1960-களில் ரேடியோ விமான பந்தயம் சூடுபிடித்தபோது, இவற்றின் நகல்களே களத்தில் இறங்கின. அசலின் சாயல் மாறக்கூடாது என்பது விதி. எனவே இறக்கையை இஷ்டத்துக்கு இடம் மாற்ற முடியாது. எந்த விமானத்தை நகல் எடுப்பது என்று முடிவு செய்யும்போதே, இறக்கையின் இடமும் முடிவாகி விடும்.

செலவு குறைந்த "குயிக்கி 500" ரகம் 1970-களில் வந்தது. பெட்டி போன்ற சாதாரண உடல். இறக்கையின் பரப்பு 500 சதுர அங்குலம். அதாவது 50 அங்குல நீளம், 10 அங்குல அகலம். ஒரே துண்டாக செய்து, உடலின் மேல்பக்கத்தில் பொருத்துவதே பெரும்பாலோர் வழக்கம். துளை போடும் வேலை மிச்சம். உடைந்தால் கழற்றி வேறு மாட்டி விடலாம்.

முன்னா, பின்னா?

மேலே, கீழே என்பது நொடிகள் பற்றிய விஷயம். முன்னே, பின்னே என்பதோ விமானம் பிழைப்பது பற்றிய விஷயம்!

மாட்டு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பாரம் முன்பக்கம் அதிகமானால் மாட்டின் கழுத்தில் அழுத்தும். பின்பக்கம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும். வண்டிக்கு அச்சு எப்படியோ, விமானத்துக்கு இறக்கை அப்படி.

விமானத்தின் எடை மையம், இறக்கையின் முன் விளிம்பில் இருந்து கால் பங்கு அகலத்தை ஒட்டி வர வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 10 அங்குல அகலம் என்றால் இரண்டரை அங்குலம். இறக்கையை பின்னால் தள்ளி ஒட்டி விட்டால், மூக்கு கனத்து விடும். விமானம் அடக்கமாக பறக்கும். ஆனால் வால் எந்நேரமும் கீழே அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். திருப்பத்துக்கு திருப்பம் வேகம் போகும்.

முன்னால் தள்ளி ஒட்டினால் வால் கனம். இது இன்னும் மோசம். விரலை லேசாக அசைத்தாலே விமானம் துள்ளும். முழு வேகத்தில் திரும்பும்போது கைமீறினால், சுழன்று தரையில் குத்தும். அவ்வளவுதான், கதை முடிந்தது!

10 அங்குல அகலத்தில் அரை அங்குலம் என்பது 20-ல் ஒரு பங்கு. இந்த சின்ன தவறே அடங்கிய விமானத்தை அடங்காப்பிடாரியாக மாற்றப் போதும்.

காலி டாங்கி

என்ஜின் விமானத்தில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. எரிபொருள் டாங்கி முன்பக்கம் இருக்கும். பறக்கப் பறக்க அது காலியாகும். மூக்கின் கனம் குறையும். புறப்படும்போது சரியாக இருந்த விமானம், கடைசி சுற்றில் வால் கனத்துப் போகலாம்.

அனுபவசாலிகள் டாங்கியை காலி செய்து விட்டுத்தான் எடை மையம் பார்க்கிறார்கள். இறக்கையின் அடியில் இரண்டு புள்ளிகள் குறித்து, இரண்டு விரல் நுனியில் விமானத்தை தூக்குகிறார்கள். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னால் நகர்த்துவார்கள். அதற்கும் மசியாவிட்டால் மூக்கில் ஈயம் வைப்பார்கள். ஆனால் ஈயம் வீண் சுமை. பந்தயத்தில் ஒவ்வொரு கிராமும் வேகத்தை தின்னும்.

எனவே என்ஜின், டாங்கி, பேட்டரி எல்லாவற்றையும் முதலிலேயே எடை போட்டு, கணக்கு பார்த்து இறக்கைக்கு இடம் குறிப்பவரே புத்திசாலி. பசை காய்ந்த பிறகு யோசித்து பயன் இல்லை!