மூழ்குவோரின் துலாக்கோல்



மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோர், கனத்த கல் ஒன்றைக் கயிற்றில் கட்டி, அதன்மேல் காலூன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு கடலடிக்கு இறங்குவர். அடியைச் சேர்ந்ததும் கல்லை விட்டுவிடுவர். தோணியில் இருப்பவர் அதனை மேலே இழுத்துக்கொள்வார். அவர்களுக்குக் கல் வேண்டியது இறங்குவதற்கு மட்டுமே. ஆதலால் அது சற்றுக் கூடுதலாகக் கனத்தாலும் கேடில்லை.

1943ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கடற்படையைச் சேர்ந்த ழாக் கூஸ்தோவும், எமில் கன்யான் என்ற பொறியாளரும் சேர்ந்து ஒரு மூச்சுக்கருவியை அமைத்தனர். உருளையில் அடைத்த காற்றை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஏற்ப அது மூழ்குபவருக்கு அளித்தது. இன்று ‘ஸ்கூபா’ என்று வழங்கும் முறை அதிலிருந்தே வளர்ந்தது. இம்முறையில் மூழ்குபவர் மீனைப்போல் நடுநீரில் நிற்க வேண்டும். அவரும் இடையில் ஈயக் கட்டிகளைக் கட்டிக்கொள்கிறார். ஆனால் அவருக்கு வேண்டியது அளந்த எடை. அதனை அளப்பது எப்படி என்பதே நான் இன்று சொல்ல வந்த செய்தி.

நீரில் அமிழ்ந்த பொருள், தான் விலக்கிய நீரின் எடைக்குச் சமமான விசையால் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. ஆர்க்கிமிடீஸ் கண்ட இவ்வுண்மையை நீங்கள் அறிவீர்கள். ஒருவர் தம் உடல், இரப்பர் உடை, காற்று நிறைந்த உருளை ஆகிய எல்லாவற்றோடும் 100 கிலோகிராம் எடையுள்ளவர் என்று கொள்வோம். அவர் முழுதும் அமிழ்ந்தால் 102 லிட்டர் நீரை விலக்குகிறார் என்றும் கொள்வோம். நன்னீரில் ஒரு லிட்டரின் எடை 1 கிலோகிராம். ஆகவே 2 கிலோகிராம் விசை அவரை மேலே தள்ளும். கடல்நீரிலோ ஒரு லிட்டர் 1.025 கிலோகிராம் எடையுள்ளது. அங்கே விலக்கிய நீரின் எடை 104.5 கிலோகிராமுக்குச் சற்று மேல். மேலே தள்ளும் விசை ஏறக்குறைய 4.5 கிலோகிராம் ஆகிவிடுகிறது! ஈயமும் கடல்நீரில் தன் எடையில் பதினொன்றில் ஒரு பங்கை இழக்குமாதலால், அவருக்கு 5 கிலோகிராம் ஈயம் தேவை. நீச்சல் குளத்தில் பழகிய அதே அளவை நம்பிக் கடலில் இறங்கலாகாது என்பது இதனால் விளங்கும். கருங்கல்லாயின் கடல்நீரில் தன் எடையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இழந்துவிடும். ஈயத்தை விரும்புவதன் காரணம் இதுவே.

கணக்கு இத்துடன் முடிந்ததா? இல்லை. காற்றுக்கும் எடை உண்டல்லவா? 12 லிட்டர் உருளையில் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்த காற்று ஏறத்தாழ 2,400 லிட்டர். அதன் எடை 3 கிலோகிராமுக்குச் சற்றே குறைவு. கால் பங்கை மிச்சம் வைத்துவிட்டு மேலே வருபவர், அதற்குள் 2 கிலோகிராமுக்கு மேல் காற்றை மூச்சாக விட்டிருப்பார். அவ்வளவுக்கு அவர் இலேசாகிவிட்டார். மேலே வருமுன் 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்குவது வழக்கம். அப்போது மேலே மிதந்து போய்விடாதிருக்க, தொடக்கத்திலேயே 2 கிலோகிராம் சேர்த்து, 7 கிலோகிராம் ஈயம் கட்டிக்கொள்ள வேண்டும்.

“இன்னும் 4 கிலோகிராம் கூட்டிக் கட்டினால் மேலும் பத்திரம்தானே?” என்று சிலர் கேட்பதுண்டு. அதில்தான் ஆபத்து இருக்கிறது. இரப்பர் உடையில் நுண்ணிய வாயுக் குமிழிகள் உள்ளன. ஆழத்தில் அவை நசுங்குவதால் உடையின் மிதப்பு குறைகிறது. 20 மீட்டரில் 2 கிலோகிராம் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் கூட்டிய 2 கிலோகிராமையும் சேர்த்து 4 கிலோகிராமை ஈடுசெய்ய, மிதப்புச் சட்டைக்குள் 4 லிட்டர் காற்றைச் செலுத்த வேண்டும். கூடுதல் ஈயம் கட்டியவருக்கோ 8 லிட்டர் வேண்டும். 20 மீட்டரில் அழுத்தம் மூன்று வளிமண்டலம். 10 மீட்டரில் இரண்டு. அவ்வளவு தூரம் மேலேறியதும், வெளியே விடாத 4 லிட்டர் 6 லிட்டராகும். 8 லிட்டரோ 12 லிட்டராகும். முன்னவரை 2 கிலோகிராம் விசை மேலே தள்ளுகையில், பின்னவரை 4 கிலோகிராம் தள்ளுகிறது. அவர் விரைய விரையக் காற்று மேலும் விரிகிறது. காற்று விரிய விரைய அவர் மேலும் விரைகிறார். இறங்குவதற்காகக் கட்டிய ஈயமே மேலேறும் வேகத்தைப் பெருக்கும் விந்தை இது. அவ்வேளையில் அச்சத்தால் மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியக்கூடும்.

கணக்கு வழிகாட்டும், நீரே தீர்ப்புக் கூறும். எல்லாக் கருவிகளோடும் ஆழ்ந்த நீரில் செங்குத்தாக அசையாமல் நின்று, மிதப்புச் சட்டையின் காற்றை முழுதும் வெளியேற்றுங்கள். இயல்பாக மூச்சிழுத்த நிலையில் நீர்மட்டம் கண்ணளவு நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் மெல்ல அமிழ வேண்டும். உருளை நிறைந்திருக்கும்போது இச்சோதனையைச் செய்தால், செலவாகப்போகும் காற்றுக்கென 2 கிலோகிராம் கூட்டிக்கொள்ளுங்கள். உடை, உருளை, நீர் இவற்றில் எது மாறினாலும் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். பயிற்றுநர் உடனிருக்கவும் வேண்டும்.

மற்றொன்றும் சொல்வேன். ஈயக் கச்சையின் கொளுவி ஒரே கையால் அவிழ்க்கத் தக்கதாக அமைக்கப்படுகிறது. நீர்மட்டத்தில் தத்தளிக்கும்போது முதலில் கழற்றி எறிய வேண்டியது அதுவே. ஆயினும், உயிரிழந்த மூழ்குவோர் பலருடைய இடையில் ஈயம் அவிழ்க்கப்படாமலே இருந்தது என்பது விபத்துகளை ஆராய்ந்தோர் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. சரியாக அளந்து கட்டக் கற்றவர், தயங்காமல் அவிழ்க்கவும் கற்றிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்ததே முழுப் பாடம்.