அந்தரத்தில் அமரும் வித்தை

அந்தரத்தில் அமரும் வித்தை என்பது, கண்ணுக்குப் புலப்படும் தாங்கல் ஏதுமின்றி ஒருவர் தரைக்கு மேலே காற்றில் அமர்ந்திருப்பது போலவோ படுத்திருப்பது போலவோ தோற்றமளிக்கச் செய்யும் செப்படி வித்தை ஆகும். 1820களின் இறுதியிலும் 1830களின் தொடக்கத்திலும் சென்னையிலிருந்து சென்ற செய்திகள் இவ்வித்தையை ஐரோப்பிய வாசகர்களிடையே பரபரப்பாக்கின. பின்னர் இது பிரான்சு, இங்கிலாந்து, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளின் மேடை வித்தையாளர்களிடையே போட்டிக்கும் இரகசியக் களவுக்கும் பொருளாயிற்று. போட்டி வித்தையாளர் இருவரின் கதையைக் கூறும் தி பிரெஸ்டீஜ் (2006) என்னும் ஆங்கிலத் திரைப்படம் இத்தகைய சூழலையே களமாகக் கொண்டது.

சென்னை நிகழ்வுகள்

சென்னையில் முதியவரும் மெலிந்த உடலினருமான பிராமணர் ஒருவர் காற்றில் அமர்ந்து காட்டுகிறார் என்ற செய்தி 1829 இல் ஏசியாட்டிக் ஜர்னல் இதழில் வெளிவந்தது. அவர் ஆளுநர் முன்னிலையிலும் இதை நிகழ்த்தியதாக அச்செய்தி கூறியது. 1832 சூலை 28 நாளிட்ட சாட்டர்டே மாகசின் என்னும் இலண்டன் இதழ் இவ்வித்தையைப் படத்துடன் வெளியிட்டது. ஆங்கில நூல்களில் வித்தையாளரின் பெயர் சேஷால் என்று காணப்படுகிறது.

வித்தைக்கு அவர் கொண்டுவந்த பொருட்கள் மிகச் சில. நான்கு கால்களை உடைய சிறு மணை ஒன்று, அதன் மேல் நிறுத்தப்படும் மூங்கில் ஒன்று, மூங்கிலின் மேற்புறத்திலிருந்து கிடையாக நீளும் மான்தோல் சுருள் ஒன்று ஆகியவையே அவை. மணையின் மேற்பரப்பில் பித்தளை பதிக்கப்பட்டிருந்தது. முதலில் உதவியாளர்கள் கம்பளியைத் திரையாகப் பிடித்து அவரை மறைப்பர். திரை விலகும்போது அவர் காலை மடக்கிக் காற்றில் அமர்ந்து, ஒரு கையின் மணிக்கட்டை மட்டும் மான்தோலின் மீது வைத்து, மணிமாலையை உருட்டிக்கொண்டிருப்பார். இறங்கும்போதும் கம்பளித் திரை வந்துவிடும்.

அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, பயணிகளையும் அஞ்சலையும் மசூலா படகுகளே கரைக்குக் கொண்டுவந்தன. ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட இப்படகுகள், கோட்டைக்கும் கறுப்பர் நகரத்திற்கும் (இன்றைய ஜார்ஜ் டவுன்) எதிரேயுள்ள கடற்கரையில் இயங்கின. சேஷாலின் புகழும் இவ்வழியாகவே கடல் கடந்தது.

அவர் தமது இரகசியத்தை எவருக்கும் வெளியிடாமலே இறந்துவிட்டார் என்று ஆங்கில நூல்கள் எழுதின. வித்தை மட்டும் இறக்கவில்லை.

செயல்முறை

தாங்கல் உண்டு, அது மறைக்கப்பட்டிருக்கிறது என்பதே இவ்வித்தையின் அடிப்படை. மூங்கிலின் உள்ளே உறுதியான இரும்புக் கம்பி ஒன்று செல்கிறது. மணையில் உள்ள பித்தளைப் பகுதி அதைச் செருகி இறுக்குவதற்கான இடமாகும். கம்பியின் மேற்பகுதி வளைந்து மான்தோலுக்குள்ளும், அங்கிருந்து சட்டைக்கையினுள்ளும் சென்று, உடலைத் தாங்கும் வளையத்துடனோ சிறு இருக்கையுடனோ இணைகிறது. கம்பளித் திரை இவ்விணைப்பைச் செய்வதற்கே தேவைப்படுகிறது.

இதில் உண்மையான சிக்கல் எடை அன்று, கவிழும் போக்கே ஆகும். 50 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் நிலைக்குத்துக் கம்பியிலிருந்து அரை மீட்டர் தள்ளி அமர்ந்தால், கம்பியின் அடியில் ஏறத்தாழ 245 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் உண்டாகும். எனவே உடலின் எடைமையம் இயன்றவரை மணைக்கு அருகில் வருமாறு அமர வேண்டும், அல்லது மணை கனமாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். சேஷால் மெலிந்தவர் என்பதைப் பார்த்தவர்கள் தவத்தின் அடையாளமாகக் கொண்டிருக்கலாம். கம்பியைப் பொறுத்தவரை அது பெரும் வசதி.

மேலை நாட்டு மேடைகளில்

பிரான்சு நாட்டு வித்தையாளர் இராபர்ட் ஊடின் 1847 இல் தம் மகனைக் கொண்டு இதனை ஒத்த வித்தையைப் பாரிசில் நிகழ்த்தினார். முந்தைய ஆண்டில்தான் அறுவை மருத்துவத்தில் ஈதர் மயக்கமருந்தாகப் பயன்பட்டுப் புகழ்பெற்றிருந்தது. ஊடின் அதனைப் பயன்படுத்திக்கொண்டார். ஈதரை முகர்ந்தமையால் சிறுவனின் உடல் எடையற்றுப் போனதாகக் கூறி, ஒரு கையின் முழங்கை மட்டும் கோலில் ஊன்றியிருக்க அவனைக் கிடையாகக் காட்டினார். சென்னையில் தவம் என்று நம்பப்பட்டது பாரிசில் வேதியியல் என்று நம்பப்பட்டது. மறைவில் இருந்த இரும்பின் வேலை இரண்டிடத்தும் ஒன்றே.

சிறிது காலத்திலேயே இங்கிலாந்தில் ஜான் ஹென்றி ஆண்டர்சன் ஈதருக்குப் பதிலாகக் குளோரோபார்மின் பெயரைச் சொல்லித் தம் மகனைக் கொண்டு அதே வித்தையைக் காட்டினார். ஊடினின் கருவிகளைச் செய்த பணியாளர் ஒருவர் அவற்றின் படிகளை மற்றவர்களுக்கு விற்றதும் அக்காலத்தில் நிகழ்ந்தது.

1901 இல் இலண்டனில் ஜான் நெவில் மாஸ்கலின் இவ்வித்தையை முற்றிலும் மாற்றியமைத்தார். கோலும் மணையும் நீங்கின. மிக நுண்ணிய கம்பிகள் பலவற்றால் தாங்கப்பட்ட உடல் மேடை நடுவே மிதந்தது, அதைச் சுற்றி வளையம் ஒன்றும் செலுத்திக் காட்டப்பட்டது. அமெரிக்க வித்தையாளர் ஹாரி கெல்லர் இதை அடைய விரும்பினார். அவர் மாஸ்கலினின் அரங்கிற்குத் திரும்பத் திரும்பச் சென்று உற்று நோக்கியதாகக் கூறப்படுவதுண்டு. அங்குப் பணியாற்றிய பால் வாலடன் 1904 இல் கெல்லரின் குழுவிற்கு மாறினார். விரைவில் கெல்லர் மேடையில் "கர்னாக் இளவரசி" மிதந்தாள். அவளை இந்து இளவரசி என்று அறிமுகப்படுத்தியது குறிப்பிடத்தக்கது. வித்தை களவாடப்பட்டது இலண்டனில்; பெருமைக்காகச் சொல்லப்பட்ட ஊர் மட்டும் இந்தியா.

இந்தியப் பெயரைச் சூடிக்கொள்ளும் வழக்கம் இதற்கும் முந்தையது. வாள் விழுங்கும் வித்தையால் இலண்டனில் புகழ்பெற்ற இராமசாமி (ஆங்கில வழக்கில் ராமோ சாமி) 1850 இல் வறுமையில் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டில் எழுத்தாளர் சார்லசு டிக்கின்சு முகத்தில் கரி பூசி, "ரியா ராமா ரூசு" என்ற பெயரில் நண்பர்களுக்கு வித்தை காட்டினார்.

சுப்பையா புலவர்

1936 இல் தென்னிந்தியாவில் சுப்பையா புலவர் என்பவர் ஏறத்தாழ 150 பேர் முன்னிலையில் இவ்வித்தையை நிகழ்த்தினார். அதன் ஒளிப்படங்கள் அவ்வாண்டு சூன் மாதம் இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் இதழில் வெளிவந்தன. துணிக் கூடாரத்தினுள் சென்று மறைந்த அவர், துணி விலக்கப்பட்டபோது தரைக்கு மேலே கிடையாகப் படுத்திருந்தார். அவரது ஒரு கை, துணி சுற்றப்பட்ட கோல் ஒன்றின் தலையில் இருந்தது. மேலும் கீழும் கம்பி ஏதேனும் உள்ளதா என்று ஆராய்ந்து ஒன்றுமில்லை என அறிந்தவர்கள் வியந்தனர். கோலைப் பற்றியிருந்த கையையே ஐயுற்றிருக்க வேண்டும். இப்படங்கள் இன்றும் யோக சக்திக்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. சேஷாலின் காலத்திற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் திரை, துணி சுற்றிய கோல், அதன் மேல் ஒரு கை ஆகிய மூன்றும் மாறாதிருந்தன என்பதே இவற்றின் உண்மையான சிறப்பு.

தி பிரெஸ்டீஜ்

கிறிஸ்டோபர் பிரீஸ்ட் 1995 இல் எழுதிய புதினத்தைத் தழுவி, கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய இப்படம் 2006 அக்டோபரில் வெளிவந்தது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் வாழும் ராபர்ட் ஆஞ்சியர் (ஹியூ ஜேக்மன்), ஆல்ஃபிரட் போர்டன் (கிறிஸ்டியன் பேல்) ஆகிய இருவரின் பகை இதன் கதையாகும். போட்டிக்குரிய வித்தை காற்றில் மிதப்பது அன்று. ஓரிடத்தில் மறைந்து மறுகணமே வேறிடத்தில் தோன்றுவது. ஆயினும் உதவியாளரை எதிரியிடம் அனுப்பி இரகசியத்தைப் பெற முயல்வதும், ஒருவர் மேடையை மற்றவர் குலைப்பதும் ஊடின், மாஸ்கலின் காலத்துச் செய்திகளை அறிந்தவர்களுக்குப் புதியவை அல்ல.

படத்தில் வரும் சங் லிங் சூ என்னும் சீன வித்தையாளர் வரலாற்றில் உண்மையாகவே இருந்தவர். ஆனால் அவர் சீனர் அல்லர். வில்லியம் ராபின்சன் என்னும் அமெரிக்கர். சிங் லிங் ஃபூ என்ற உண்மையான சீன வித்தையாளரைப் பின்பற்றி வேடம் புனைந்த அவர், 1918 மார்ச்சில் துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் வித்தையின்போது மேடையிலேயே சுடப்பட்டு, மறுநாள் இறந்தார்.

தற்காலம்

ஐரோப்பிய நகரங்களின் சதுக்கங்களில் தெருக்கலைஞர்கள் இன்றும் இவ்வித்தையைக் காட்டுகின்றனர். கோல் ஒன்றைப் பற்றியவாறு காற்றில் அமர்ந்திருக்கும் இவர்களிற் பலர் தலைப்பாகையும் காவி அங்கியும் அணிந்திருப்பர். அங்கி தரையைத் தொடும் அளவு நீளமாகவும், கோலின் அடியில் ஒரு விரிப்பும் இருக்கும்.