இடமும் பெறுமானமும்: தசம எண் கற்பித்தல் பற்றிய ஒரு சமூக நோக்கு

எண்ணையும் எழுத்தையும் இணைத்துப் பேசும் மரபுடைய நாம், எழுத்தின் வரலாற்றை ஆராய்ந்த அளவுக்கு எண்ணின் வரலாற்றை ஆராய்ந்தோமில்லை. எண் என்பது சமூக உறவுகளுக்கு அப்பாற்பட்ட தூய சிந்தனை என்ற கருத்தே இதற்குக் காரணம் எனலாம். ஆரம்பப் பள்ளி மாணவர் தசம எண்களில் இடறும்போது அது அவர்தம் மந்த புத்தியாகக் கணிக்கப்படுவதும் இக்கருத்தின் விளைவே. மன்னார் மாவட்டத்து முருங்கன் போன்ற நெற்செய்கைப் பிரதேசமொன்றின் வாழ்நிலையினின்று அவ்விடறலை விளங்கிக்கொள்ள முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

0.3, 0.25 ஆகிய இரண்டில் பெரியது எது எனக் கேட்டால், 0.25 என விடை கூறும் பிள்ளைகள் பலர். இருபத்தைந்து மூன்றிலும் பெரிது என்பது அவர்கள் நியாயம். வேறு சிலர், நூறிலொன்று பத்திலொன்றினும் சிறிது என்பதைப் பற்றிக்கொண்டு, 0.65 இலும் 0.3 பெரிது என்பர். பல நாடுகளிலும் அவதானிக்கப்பட்ட வழுக்கள் இவை. இரண்டும் அறிவின்மையின் விளைவுகளல்ல. முன்னர் சரியாகக் கற்ற ஒன்றை அது செல்லுபடியாகாத இடத்துக்கு நீட்டியதன் விளைவுகள். முழுவெண்களில் இலக்கங்கள் கூட எண் பெருகும். பின்னத்தில் பகுதியெண் பெருகப் பெறுமானம் சிறுக்கும். பத்தாற் பெருக்க வலப்புறம் பூச்சியம் சேர்க்குமாறு மனனம் செய்த பிள்ளை, 2.5 ஐப் பத்தாற் பெருக்கி 2.50 என எழுதுவதும் இவ்வாறே நிகழ்கிறது.

இங்கு விளங்கவேண்டியது ஒரே விதியாகும். ஒவ்வோர் இடமும் தனக்கு வலப்புறத்து இடத்தின் பத்து மடங்கு. நூறு, பத்து, ஒன்று என இறங்கும் இவ்வரிசை ஒன்றினிடத்துடன் நின்றுவிடுவதில்லை. பத்திலொன்று, நூறிலொன்று எனத் தொடர்கிறது. புள்ளியானது ஒன்றினிடம் எது எனக் காட்டும் அடையாளம் மாத்திரமே. இரண்டு எண்களைப் பிரிக்கும் வேலியன்று. 0.3 என்பது நூறில் முப்பது. ஆகவே நூறில் இருபத்தைந்திலும் அது பெரிது.

ஆயின் பிள்ளையின் அன்றாட வாழ்விலோ புள்ளி வேலியாகவே தோன்றுகிறது. கிரிக்கெற்றில் 12.4 ஓவர் என்பது பன்னிரண்டு ஓவரும் நான்கு பந்துகளும் ஆகும்; மேலும் இரண்டு பந்துகள் வீசப்பட்டால் அது 13 ஆகிவிடும். பிற்பகல் 2.30 என்பது இரண்டரை மணி. புள்ளியின் இப்பயன்பாடுகளை மறைத்துத் தசமத்தைக் கற்பிப்பதினும், அவற்றை வகுப்பறைக்குக் கொணர்ந்து வேறுபாட்டைப் பேசுவதே பொருத்தமுடையது.

நமது மரபும் இங்கு நோக்கற்பாலது. பழந்தமிழ் எண்முறையில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனிக்குறிகள் இருந்தன. 2453 என்பது ௨௲௪௱௫௰௩ என எழுதப்பட்டது. இங்கு பெறுமானத்தைத் தருவது குறியேயன்றி இடமன்று. எனவே பூச்சியமும் வேண்டப்படவில்லை. பின்னங்களும் அவ்வாறே. மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று எனத் தனித்தனிப் பெயர்கள் கொண்டவை. அரை, கால், அரைக்கால், மாகாணி எனப் பாதி பாதியாக இறங்கும் இவ்வரிசை, விளைவைக் களத்திற் பங்கிட்ட நிலவுடைமைச் சமூகத்துக்குப் போதியதாக இருந்தது.

தசமமும் வரலாற்றுத் தேவையின் விளைபொருளே. இந்திய இடப்பெறுமான முறை அரபு உலகை அடைந்தபின், 10ஆம் நூற்றாண்டில் டமஸ்கசில் அல் உக்லீதிசி தசமப் பின்னங்களைக் கையாண்டார். 15ஆம் நூற்றாண்டில் சமர்க்கந்தில் அல் காஷி அவற்றை முறைப்படுத்தினார். 1585இல் சைமன் ஸ்டெவின் டச்சு மொழியில் வெளியிட்ட சிறுநூல் வானியலாளரோடு நில அளவையாளரையும் வணிகரையும் விளித்தே எழுதப்பட்டது. வளர்ந்துவந்த வணிக வர்க்கத்தின் கணக்கு அது. அதே டச்சு வணிக முதலாளித்துவம் 1658இல் மன்னாரைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது என்பதும் நினைவுகூரத்தக்கது.

இலங்கையின் ரூபா 1872இல் நூறு சதங்களாக வகுக்கப்பட்டது. அன்றுமுதல் சதமே நம் பிள்ளைகளின் தசம ஆசானாக விளங்கியது. எனினும் அது குறைபாடுடைய ஆசான், ரூபா 5.50 ஐ 'ஐந்து ரூபா, ஐம்பது சதம்' என இரு முழுவெண்களாகவே அது வாசிக்கப் பழக்கியது. 5.5 ரூபாவை 'ஐந்து ரூபா ஐந்து சதம்' எனப் பிள்ளை கொள்வது இதனாலேயே. இன்று பணவீக்கத்தினால் அச்சதமும் கைகளில் இல்லை. காணாத நாணயத்தைக் கொண்டு தசமத்தை விளக்க முனைவது உயிரற்ற உதாரணமாகவே முடியும்.

மாற்று உதாரணம் முருங்கனில் கண்ணெதிரே உள்ளது. கட்டுக்கரைக்குளத்து நீரில் விளையும் நெல்லைப் புசலில் எண்ணிப் பழகிய குடும்பத்துப் பிள்ளை, தராசு காட்டும் கிலோகிராமை வாசிக்க வேண்டியுள்ளது. 62.5 கிலோகிராம் நிறையுள்ள மூடையை 62.05 எனக் குறித்தால் 450 கிராம் மறைந்துவிடும். நூறு மூடைகளில் அது 45 கிலோகிராம். ஏறத்தாழ இரண்டு புசல் நெல். ஒரு பூச்சியத்தின் இடம் மாறுவதால் உழைத்தவன் இழப்பது அவ்வளவு.

ஆகவே மீற்றர் கோலும் தராசும் வகுப்பறைக்கு வரவேண்டும். ஒரு மீற்றரைப் பத்தாகவும், அப்பத்திலொன்றை மீண்டும் பத்தாகவும் பிள்ளை தன் கையாலேயே பகுத்துப் பார்க்கட்டும். 0.3 மீற்றர் நாடாவையும் 0.25 மீற்றர் நாடாவையும் அருகருகே வைத்து நோக்கும் பிள்ளைக்கு மனனம் தேவைப்படாது. தன் நெல்லின் கணக்கைத் தானே சரிபார்க்க வல்லவரை உருவாக்குவது, எழுத்தறிவு இயக்கத்துக்கு எவ்வகையிலும் குறைந்த சமூகப் பணியன்று.