95 என்றால் உயர்ந்த பெற்றோலா? ஒக்டேன் இலக்கம் சொல்வதும் சொல்லாததும்

அக்கரைப்பற்றிலிருந்து நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது ஊடாகக் கல்முனைக்குச் செல்லும் பிரதான வீதியில் இன்று ஓடும் கார்களில் கணிசமானவை ஜப்பானில் பாவிக்கப்பட்ட பின்னர் இங்கு வந்து சேர்ந்தவை. வெகன் ஆர், விட்ஸ், அக்குவா, வெசல் என்று அவற்றின் பெயர்கள் நமது வீட்டுச் சிறுவர்களுக்கும் மனப்பாடம். ஆயினும் அந்த வாகனத்துக்கு எந்தப் பெற்றோலை நிரப்ப வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதிலே கிடைக்கின்றது. '95 அடித்தால் எஞ்சின் நீண்ட காலம் உழைக்கும்' என்பார் ஒருவர். '92 தண்ணீர் மாதிரி' என்பார் இன்னொருவர். முதல் தொட்டியை 95 கொண்டும் அடுத்ததை 92 கொண்டும் நிரப்பினால் எஞ்சின் துப்புரவாகும் என்று வைத்தியம் சொல்வோரும் உண்டு.

இவற்றை வெறும் ஊர்ப் பேச்சென்று ஒதுக்கிவிட முடியாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்காக 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களின் விலை ஏறிய விதத்தை நாம் அறிவோம். கடன்பட்டோ, காணி விற்றோ, வெளிநாட்டில் உழைத்த பணத்தைக் கொட்டியோ வாங்கிய வாகனம் பழுதாகிவிடக் கூடாதே என்ற அச்சம் நியாயமானது. அந்த அச்சத்துக்கு மாதந்தோறும் ஒரு விலையும் கொடுக்கப்படுகின்றது. 2025 ஜூலையில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றருக்கு 305 ரூபாவாகவும், 95 ஒக்டேன் 341 ரூபாவாகவும் இருந்தன. வித்தியாசம் 36 ரூபா. வாடகைக்குக் கார் ஓட்டும் ஒருவர் மாதம் 200 லீற்றர் நிரப்புகின்றார் என்று கொள்வோம். தேவையின்றி 95 ஐ நாடினால் அவர் இழப்பது மாதம் 7,200 ரூபா. ஆண்டுக்கு 86,400 ரூபா. ஒரு பிள்ளையின் தனியார் வகுப்புக் கட்டணம் அதற்குள் அடங்கிவிடும்.

அவ்வாறாயின் இந்த இலக்கம்தான் என்ன? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் எல்லோரும் உணர்ந்திருக்கின்றோம். காற்றை அமுக்கினால் அது சூடேறும். பெற்றோல் எஞ்சினின் சிலிண்டருக்குள் நிகழ்வதும் அதுவே. காற்றும் பெற்றோல் ஆவியும் கலந்த கலவையை பிஸ்டன் அமுக்கும். உரிய கணத்தில் பிளக் தீப்பொறி கொடுக்கும். தீ ஒரு முனையிலிருந்து மறுமுனை நோக்கிச் சீராகப் பரவிப் பிஸ்டனைத் தள்ளும். ஆனால் தீ சென்றடையும் முன்னரே, மூலையில் எஞ்சியிருக்கும் கலவை சூட்டையும் அமுக்கத்தையும் தாங்க மாட்டாது தானாகவே பற்றிக்கொண்டால், சிலிண்டருக்குள் சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழும். நமது கராஜ்களில் இதனை 'நொக்கிங்' என்பார்கள். அது கடுமையாகத் தொடருமாயின் பிஸ்டன் தலை அரிக்கப்படும், கஸ்கட் எரியும், ஈற்றில் எஞ்சினையே கழற்ற நேரிடும்.

ஒக்டேன் இலக்கம் என்பது, பெற்றோல் இவ்வாறு தானாகப் பற்றிக்கொள்ளாமல் எந்தளவுக்குப் பொறுத்திருக்கும் என்பதற்கான அளவு மாத்திரமே. 1926 ஆம் ஆண்டளவில் அமெரிக்க இரசாயனவியலாளர் கிரகாம் எட்கர் இதற்கொரு அளவுகோலை வகுத்தார். எளிதில் தட்டும் ஹெப்டேனுக்கு 0, தட்டாது தாங்கும் ஐசோ ஒக்டேனுக்கு 100. நூற்றுக்கு 92 பங்கு ஐசோ ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் கலந்த திரவம் சோதனை எஞ்சினில் எவ்வாறு நடந்துகொள்கின்றதோ, அவ்வாறே நடந்துகொள்ளும் பெற்றோல் 92. அது எவ்வளவு தூய்மையானது, எவ்வளவு சக்தி தரும், ஒரு லீற்றரில் எத்தனை கிலோமீற்றர் ஓடலாம் என்பவற்றைப் பற்றி இந்த இலக்கம் எதுவும் சொல்வதில்லை. பொறுமை அதிகமுள்ளவர் பலசாலியாகவும் இருக்க வேண்டும் என்பதில்லை அல்லவா?

இந்தப் பொறுமையை மலிவாக வாங்க முற்பட்டதன் வரலாறு துயரமானது. 1921 இல் ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வுகூடத்தில் தோமஸ் மிட்ஜ்லி, பெற்றோலில் சிறிதளவு ஈயச் சேர்மத்தைக் கலந்தால் நொக்கிங் அடங்குவதைக் கண்டார். அதன் விளைவாக உலகெங்கும் வீதியோரத்தில் வாழ்ந்த பிள்ளைகள் பல தசாப்தங்களாக ஈயப் புகையைச் சுவாசித்தனர். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் கைவிடப்பட்டது. உலகில் கடைசியாக அதனை நிறுத்திய நாடு அல்ஜீரியா. அது 2021 இல்.

இனி நமது கார்களுக்கு வருவோம். ஜப்பானில் விற்கப்படும் சாதாரணப் பெற்றோலுக்கு அந்நாட்டின் நியமம் கோரும் ஆகக் குறைந்த ஒக்டேன் 89 ஆகும். உயர்தரப் பெற்றோலுக்கு 96. அங்குள்ள மக்கள் பின்னையதை 'ஹைஒக்கு' என்பர்; 'ஹை ஒக்டேன்' என்பதன் சுருக்கமே அது. வெகன் ஆர், விட்ஸ், அக்குவா, அக்ஸியோ, வெசல் போன்றவை அந்நாட்டில் சாதாரணப் பெற்றோலில் ஓடுவதற்கென்றே ஆக்கப்பட்டவை. 89 இல் ஓடவேண்டிய எஞ்சினுக்கு நாம் கொடுக்கும் 92 ஏற்கனவே தேவைக்கு மேற்பட்டது. அதற்கு 95 ஐக் கொடுப்பதால் எஞ்சினுக்குத் தீங்கில்லை, நன்மையும் இல்லை. தீங்கு பணப்பைக்கு மட்டுமே.

'அமுக்க விகிதம் பத்துக்கு மேற்பட்டால் 95 தான்' என்ற பழைய சூத்திரத்தையும் இவ்விடத்தில் ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கின்றது. அக்குவாவின் முதலாவது தலைமுறை எஞ்சினுக்கு ஏட்டளவிலான அமுக்க விகிதம் 13.4. சூத்திரத்தின்படி அதற்கு 95 உம் போதாது. ஆனால் அதன் வால்வு தாமதித்தே மூடுவதால் சிலிண்டருக்குள் உண்மையில் அமுக்கப்படும் கலவை அதனைவிடக் குறைவு. ஆகவேதான் சாதாரணப் பெற்றோல் போதுமென்று தயாரிப்பாளரே எழுதியிருக்கின்றார்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஐரோப்பியக் கார்களில் பலவும், டர்போ பொருத்திய எஞ்சின்கள் சிலவும் 95 அல்லது அதற்கு மேற்பட்ட ஒக்டேனை நம்பியே வடிவமைக்கப்பட்டவை. பென்ஸ், பிஎம்டபிள்யூ, அவுடி போன்றவற்றை வாங்கிவிட்டு லீற்றருக்கு முப்பது, நாற்பது ரூபா மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனமல்ல. பெற்றோல் மூடிக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டுள்ள சிறிய தாளே இதில் இறுதித் தீர்ப்பு. அதில் '95 கட்டாயம்' என்றிருந்தால் பேச்சுக்கிடமில்லை. '95 விரும்பத்தக்கது, 91 ஏற்கத்தக்கது' என்றிருந்தால் 92 ஐ நிரப்பலாம். எஞ்சினின் முழு வலு சிறிது குறையக்கூடும், அவ்வளவே. ஜப்பானிய எழுத்தில் உள்ளதே என்று கைவிட வேண்டாம். கைத்தொலைபேசியின் கமராவை அதன் மேல் பிடித்தால் மொழிபெயர்த்துக் காட்டும் வசதி இன்று இலவசமாகக் கிடைக்கின்றது. வாகனத்தை விற்பவர்களே இதனைத் தமிழில் எழுதி ஒட்டிக் கொடுத்தால் என்ன என்றும் நாம் கேட்கின்றோம்.

இணையத்தில் அமெரிக்கர்கள் எழுதுவதைப் படிப்போருக்கு ஓர் எச்சரிக்கை. அங்கு பம்பில் காணப்படும் 87 உம் நமது 92 உம் ஒரே அளவுகோலில் அளக்கப்பட்டவை அல்ல. அவர்கள் இரு வேறு சோதனைகளின் சராசரியை எழுதுகின்றனர். நாமோ அவ்விரண்டில் பெரிய இலக்கத்தைத் தருவதை மட்டும் எழுதுகின்றோம். அவர்களது 87 ஏறத்தாழ நமது 91 க்குச் சமமாகும். அவர்கள் 'பிரீமியம்' என்னும் 91, நமது 95 ஐ அண்மிக்கும். மத்திய கிழக்கில் பணியாற்றித் திரும்பிய நமது சகோதரர்களுக்கு இக்குழப்பம் இல்லை. சவூதியிலும் கட்டாரிலும் அவர்கள் கண்ட 91 உம் 95 உம் நமது அளவுகோலையே சேர்ந்தவை. பாலைவன வெயிலிலும் 91 இல் ஓடும் கார்களை அவர்கள் நாள்தோறும் பார்த்திருப்பார்கள்.

95 க்குச் சார்பாகக் கூறத்தக்க ஒரு காரணமும் இருக்கின்றது. 2018 இல் நமது நாட்டில் 95 ஒக்டேன் பெற்றோல் யூரோ 4 தரத்துக்கு மாற்றப்பட்டது. அதாவது, அதில் கந்தகத்தின் அளவு கட்டுப்படுத்தப்பட்டது. புகை குறைய வேண்டும் என்ற எண்ணத்தில் ஒருவர் 95 ஐ நிரப்பினால் அதனைக் குறைகூற முடியாது. ஆனால் அது கந்தகம் பற்றிய கணக்கே தவிர, ஒக்டேன் பற்றியதன்று.

நமது கரையோரத்தில் ஒக்டேன் இலக்கத்தைவிடக் கவலைக்குரியது கலப்படமாகும். மருதமுனை முதல் பொத்துவில் வரை மீனவர்களின் வெளியிணைப்பு எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. அவ்வெஞ்சின்கள் குறைந்த அமுக்கத்துக்கென ஆக்கப்பட்டவை. ஆகவே அவற்றுக்கு அது பொருந்தும். காருக்கோ மண்ணெண்ணெய் நஞ்சு. அதன் ஒக்டேன் மிகவும் தாழ்ந்தது என்பதால் சிறிதளவு கலந்தாலும் பெற்றோலின் பொறுமை குலைந்துவிடும். 2022 ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் 470 ரூபாவாகவும், 95 ஒக்டேன் 550 ரூபாவாகவும் விற்கப்பட்டபோது மண்ணெண்ணெய் 87 ரூபாவாகவே இருந்தது. ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட அந்த இடைவெளி எத்தகைய ஆசையைத் தூண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் விலை 340 ரூபாவாக உயர்த்தப்பட்டதும் கலப்பதன் இலாபம் சுருங்கியது. ஆனால் அதன் சுமை ஏழை மீனவர் தலையில் விழுந்தது. வரிசையில் நாட்கணக்காக நின்ற அந்நாட்களில் போத்தலில் வாங்கிய பெற்றோல் எத்தனை கார்பரேட்டர்களையும் இன்ஜெக்டர்களையும் பாழாக்கியது என்பது கராஜ்காரர்களுக்கே தெரியும். 95 என்று பெயரிட்டு விற்றாலும், வீதியோரப் போத்தலுக்குள் இருப்பது என்னவென்று யாரும் உறுதியளிக்க முடியாது. நம்பகமான நிலையத்தில் நிரப்புவதும், பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வைப்பதும், சந்தேகம் எழுந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடுவதும் இலக்கத்தை உயர்த்துவதைவிடப் பயன் தருவன.

சரி, வாகனம் உண்மையிலேயே தட்டினால்? பெருநாள், பொங்கல் விடுமுறைகளில் குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு மகியங்கனையைக் கடந்து பதினெட்டு வளைவில் ஏறும்போதோ, வெல்லவாய வழியாகப் பெரகலைக்கு ஏறும்போதோதான் அவ்வோசை பெரும்பாலும் கேட்கும். பாரம், ஏற்றம், வெப்பம் மூன்றும் அங்கு ஒன்றுகூடுகின்றன. சமதரையான நமது ஊருக்குள் அது கேட்காமலே போகலாம். அப்பொழுது உடனடியாகச் செய்ய வேண்டியது, அக்ஸிலேட்டரை அழுத்திப் பிடிக்காது கியரைக் குறைப்பதாகும். பின்னர் தொட்டி ஏறத்தாழ வெறுமையாகும் வரை ஓடிவிட்டு, வேறொரு நிலையத்தில் 95 ஐ நிரப்பி, அதே பாரத்துடன் அத்தகையதோர் ஏற்றத்தில் ஏறிப் பாருங்கள். ஓசை நின்றுவிட்டால், முன்னர் நிரப்பிய பெற்றோல் பழுதா, எஞ்சினின் தேவை உயர்ந்துள்ளதா என்பதை அறிய மீண்டும் ஒருமுறை 92 ஐ நிரப்பிப் பார்க்கலாம். 95 இலும் ஓசை தொடர்ந்தால் குற்றம் பெற்றோலில் இல்லை. சிலிண்டருக்குள் படிந்த கரி, பொருந்தாத பிளக், அடைபட்ட ரேடியேட்டர், பழைய கார்களாயின் பிழையாக வைக்கப்பட்ட டைமிங் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். அதற்கு மருந்து பம்பில் கிடையாது, கராஜில்தான் கிடைக்கும்.