அக்குபங்சர் சிகிச்சை பெறும் முன் அறிந்துகொள்ள வேண்டியவை

அக்குபங்சர் என்பது உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் மிக மெல்லிய ஊசிகளைச் செலுத்தி அளிக்கப்படும் சீன மரபுச் சிகிச்சை முறையாகும். இவ்வூசிகளின் வழியே மருந்து எதுவும் உடலுக்குள் செல்வதில்லை. ஊசிகள் பெரும்பாலும் 20 முதல் 30 நிமிடங்கள் வரை உடலில் வைக்கப்பட்டுப் பின்னர் அகற்றப்படும். உடலில் ஓடும் உயிராற்றலை இது சீர்செய்கிறது என்பது சீன மரபின் விளக்கம். ஊசி நரம்புகளைத் தூண்டுவதால் வலியைத் தணிக்கும் இயற்கையான வேதிப்பொருள்கள் உடலில் சுரக்கின்றன என்பது நவீன மருத்துவம் தரும் விளக்கம்.

எவற்றுக்குப் பயன்படும்?

நாள்பட்ட முதுகுவலி, கழுத்துவலி, மூட்டுத் தேய்மானத்தால் வரும் முழங்கால் வலி ஆகியவற்றில் ஓரளவு நிவாரணம் கிடைக்கலாம். ஒற்றைத் தலைவலி அடிக்கடி வருவது குறையலாம். அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்படும் குமட்டலும் வாந்தியும் மணிக்கட்டின் உட்புறப் புள்ளியைத் தூண்டுவதால் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பயன் ஆளுக்கு ஆள் வேறுபடும். பல அமர்வுகளுக்குப் பின்னும் மாற்றம் தெரியவில்லையெனில், தொடர்வது குறித்து உங்கள் மருத்துவருடன் கலந்து பேசுங்கள்.

எவற்றுக்கு மாற்று அன்று?

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், வலிப்பு, காசநோய், இதயநோய், புற்றுநோய் ஆகியவற்றுக்கான சிகிச்சைக்கு அக்குபங்சர் மாற்றாகாது. இன்சுலினை அன்றாடம் சார்ந்திருக்கும் முதல் வகை நீரிழிவு நோயாளி அதை நிறுத்தினால், ஓரிரு நாள்களிலேயே உயிருக்கு ஆபத்தான நிலை ஏற்படலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தொடர் வலிப்பு வரலாம். காசநோய் மருந்தை இடையில் விட்டால், அம்மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் உருவாகலாம். ஆகவே, ஊசியின்றி விரலால் தொட்டு அளிக்கப்படும் தொடுசிகிச்சையாயினும், "மாத்திரைகளை நிறுத்துங்கள்", "நாடி பார்த்தாலே போதும், இரத்தப் பரிசோதனை வேண்டாம்" என்று கூறுபவரிடம் சிகிச்சை பெறாதீர்கள்.

தகுதியுள்ளவரை அறிவது எப்படி?

இந்திய அரசு 2019ஆம் ஆண்டு அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. மேற்கு வங்கமும் மகாராஷ்டிரமும் இதற்கெனத் தனிச் சட்டங்கள் இயற்றியுள்ளன. பிற இடங்களில் சுவரில் தொங்கும் சான்றிதழை மட்டும் வைத்துத் தகுதியை முடிவு செய்ய இயலாது. சில வாரப் பயிற்சிக்குக்கூடச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. பி.என்.ஒய்.எஸ். எனப்படும் இயற்கை மருத்துவம் மற்றும் யோகா பட்டப்படிப்பு, உள்ளுறைப் பயிற்சி உள்பட ஐந்தரை ஆண்டுகள் நீடிப்பது. அதன் பாடத்திட்டத்தில் அக்குபங்சர் இடம்பெறுகிறது. முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு உள்ளதா என விசாரியுங்கள்.

சிகிச்சையாளரிடம் தயங்காமல் கேளுங்கள்:

• தங்கள் பட்டம் எது? மருத்துவப் பதிவு எண் என்ன?
• அக்குபங்சர் பயிற்சியை எங்கே, எவ்வளவு காலம் பெற்றீர்கள்?
• ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிகளையா பயன்படுத்துகிறீர்கள்? உறையை என் முன்னிலையில் பிரிப்பீர்களா?
• எத்தனை அமர்வுகள் தேவைப்படும்? மொத்தக் கட்டணம் எவ்வளவு?

முறையாகத் தூய்மை செய்யாத ஊசியால் மஞ்சள் காமாலைக்குக் காரணமான ஹெபடைடிஸ் பி போன்ற தொற்றுகள் பரவக்கூடும்.

முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியவை

இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்கள், கர்ப்பிணிகள், இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோர் அதனைச் சிகிச்சையாளரிடம் முதலிலேயே கூற வேண்டும். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு மின்தூண்டலுடன் கூடிய அக்குபங்சர் கூடாது. முதியோரை அழைத்துச் செல்லும் பராமரிப்பாளர்கள், அவர் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலைக் கையோடு கொண்டு செல்வது நல்லது.

சிகிச்சைக்குப் பின்

ஊசி குத்திய இடத்தில் சிறிது இரத்தக் கசிவு, கன்றிப்போதல், தலைச்சுற்றல் ஆகியன ஏற்படலாம். இவை விரைவில் சரியாகிவிடும். மார்பிலோ முதுகிலோ ஊசி செலுத்திய பின் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினால், நுரையீரல் உறை துளைக்கப்பட்டிருக்கக்கூடும். இது அரிதெனினும் அவசர நிலை. உடனே 108ஐ அழையுங்கள். ஊசி குத்திய இடம் சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.